மாடிப்படிக்குக் கீழே நின்றவள்

போன வாரம் எக்ஸ்ரே அறையில் கழிந்த என் முதல் வருஷங்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர் பத்திரிகையை மடித்து மேசை மேல் வைத்தார். "ஊர்ல உள்ளவன் எலும்பையெல்லாம் எழுதிட்ட. என் கண்ணப் பத்தி எப்ப எழுதப் போற?" என்று கேட்டார். கேட்டது அவர்தான். ஆகவே இந்த வாரம் வருகிற எதற்கும் நான் பொறுப்பில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய நேரம். பெரம்பலூரில் எங்கள் வீட்டு முன்னறை. ஜன்னலில் பழைய போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மறைத்திருந்தேன். மாடியில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. காக்காயை விரட்டக் கட்டிய கறுப்புத் துணி காற்றில் படபடப்பது கீழே வரை கேட்டது.

டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். கடைசிக் காட்சி. ஒருவன் கையில் துப்பாக்கியோடு மாடிப்படியில் இறங்கி வருகிறான். வாசலுக்கு வெளியே போலீஸ் நிற்கிறது. பாதிப் படியில் அவன் நின்று எதையோ பார்க்கிறான். பிறகு துப்பாக்கியைப் படியிலேயே வைத்துவிட்டு, கையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறான்.

"பயந்தாங்கொள்ளி" என்றார் இவர், வழக்கம் போல. "பொண்டாட்டிக்காரி போலீசுக்குப் போனைப் போட்டுட்டு ஓடிட்டா. இவன் என்னடான்னா துப்பாக்கிய வச்சுட்டுப் போறான்."

இதே வசனத்தை அவர் சொல்லி நான் கேட்பது நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் வம்புக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கு என்னவோ தோன்றி, ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினேன். இதில் எத்தனை பேர் தெரிகிறார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தன்தான்" என்றார்.

நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். எழுந்து போய், திரைக்கு ஒரு முழம் தள்ளி நின்று, குனிந்து பார்த்தார். "ஒருத்தன்தான் புள்ள. இதுல என்ன விடுகதை?"

மாடிப்படிக்குக் கீழே, இருட்டில், அவன் மனைவி நிற்கிறாள். முகம் தெரியாது. கறுப்புக்குள் கொஞ்சம் குறைந்த கறுப்பாக அவளுடைய கோட்டின் ஓரமும், கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருக்கிற நாலு விரலும் மட்டும் தெரியும். அவள் போலீசைக் கூப்பிட்டவள்தான். ஆனால் ஓடிப்போகவில்லை. திரும்பி வந்து அவனுக்காக நிற்கிறாள். அவளைப் பார்த்துத்தான் அவன் துப்பாக்கியை வைக்கிறான். படமே அந்த நாலு விரலில்தான் இருக்கிறது.

அந்த நாலு விரலும் என் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. அவர் பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாகத் திருமானூர் போகிற தனியார் பஸ்ஸுக்கு டிரைவர். இருபத்தெட்டு வருஷமாக.



பெயரில்லாத கேசட்டுகள்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். அந்தப் படம் என்னிடம் எப்படி வந்தது என்று சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

என் பிறந்த ஊர் அரியலூர். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் என் அண்ணன் வீடியோ கேசட் வாடகைக் கடை வைத்திருந்தான். திருச்சியில் மூடிப்போன ஒரு கடையிலிருந்து சாக்கு மூட்டையில் கேசட்டுகளை மொத்தமாக வாங்கி வந்தான். அதில் ஒரு டஜன் கேசட்டில் பெயரே இல்லை. ஒட்டியிருந்த காகிதம் எப்போதோ கிழிந்துபோயிருந்தது.

போட்டுப் பார்த்தால் எல்லாம் கறுப்பு வெள்ளை. எல்லாம் இங்கிலீஷ். ஒருவர் எடுத்துப் போய் அரை மணி நேரத்தில் திருப்பிக் கொண்டுவந்து, கலர் இல்லை, பாட்டு இல்லை, அடிதடியும் ஒழுங்காக இல்லை என்று அண்ணனைத் திட்டிவிட்டுப் போனார். அதோடு அந்த டஜன் கேசட்டும் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டது.

மதியம் அண்ணன் சாப்பிட வீட்டுக்குப் போனால் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் வருவான். அந்த இரண்டு மணி நேரம் கடையில் நான்தான். அரியலூர் மதிய வெயிலில் கேசட் வாடகைக்கு யார் வருவார்கள்? ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, அந்தப் பெயரில்லாத கேசட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

எனக்கு அப்போது இங்கிலீஷ் சுத்தமாகப் புரியாது. அதனால் வெளிச்சத்தைப் பார்த்தேன். ஒருத்தி பொய் சொல்கிறாள் என்பது அவள் பேச்சில் எனக்குத் தெரியாது. பாதி முகத்தில் நிழல் விழுந்திருப்பதில் தெரியும். ஒருவன் மாட்டிக்கொள்ளப் போகிறான் என்பது, ஜன்னல் சட்டத்தின் நிழல் அவன் சட்டை மேல் கோடுகோடாக விழும்போதே தெரிந்துவிடும்.

நானே பெயர் வைத்துக்கொண்டேன். தொப்பிப் படம், மழைப் படம், லிப்டுப் படம். அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது மாடிப்படிப் படம். இன்று வரை அதன் நிஜப் பெயர் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை. கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற என் மகளிடம் கதையையும் காட்சிகளையும் போனில் சொல்லி, அவள் எப்படியோ தேடிப் பிடித்து, தமிழ் எழுத்து ஓடுகிற பிரதியாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்து ஒரு வருஷம்தான் ஆகிறது. "பேரு சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்த ஜாதிப் படங்களுக்கு நுவார் என்று பெயர் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். பிரெஞ்சில் கறுப்பு என்று அர்த்தமாம். நான் இருட்டுப் படம் என்றுதான் சொல்லிவந்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

வெயில்தான் காரணம்

இருட்டுப் படம் எடுக்க இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் எங்கள் பக்கம் சித்திரை மாதத்தில் வந்து பார்க்க வேண்டும். நிழல் கறுப்பாக விழ வேண்டுமானால் வெளிச்சம் கடுமையாக இருக்க வேண்டும். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கடைக்குள் நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் முகம் தெரியாது. மோதிரம் மட்டும் மின்னும். அந்தப் படங்களை எடுத்தவர்கள் விளக்கு போட்டுச் செய்ததை எங்கள் ஊரில் வெயில் சும்மாவே செய்கிறது.

மழைப் படத்தில் ரோடு எப்போதும் நனைந்து பளபளவென்று இருக்கும். மழை நின்ற பிறகும் நனைந்தே இருக்கும். எங்களுக்கு அதுவும் உண்டு. அரியலூரில் சிமெண்டு லாரி போகிற ரோட்டில் புழுதி அடங்கத் தண்ணீர் லாரி விட்டு நனைத்துக்கொண்டே போவார்கள். விடியற்காலையில் அந்த ஈரத்தில் லாரி விளக்கு விழுவதைப் பார்த்தால், இந்தப் பக்கம் ஒரு தொப்பிக்காரன் நடந்து வர வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொள்வேன்.

பிற்பாடு நான் எக்ஸ்ரே வேலைக்குப் போனதற்கும் இந்தப் படங்களுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று மகள் கேட்பாள். இருக்கலாம். இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் பிலிமைக் கழுவும்போது, கறுப்பிலிருந்து ஒரு விலா எலும்பு எழுந்து வருவதைப் பார்த்த முதல் நாளே எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. எக்ஸ்ரேயில் நல்ல நுரையீரல் கறுப்பாகத்தான் இருக்கும். வெள்ளை விழுந்தால்தான் கவலை. கறுப்பைக் கெட்டது என்று சொல்கிறவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

அந்தப் படங்கள் செத்துப்போய்விட்டன என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். இப்போது வருகிற போலீஸ் கதை எதையாவது போட்டுப் பாருங்கள். விசாரணை அறையில் மேலிருந்து ஒற்றை விளக்கு தொங்கும். மின்விசிறி இறக்கையின் நிழல் குற்றவாளி முகத்தில் சுற்றும். பஸ் ஸ்டாண்டில் விற்ற மாத நாவல்களின் அட்டையில் பாதி முகம் மறைந்த பெண் யார்? அவளும் இந்தக் குடும்பம்தான். மகளோடு உட்கார்ந்து ஒரு புதுத் தொடர் பார்த்தபோது, இரண்டாவது பாகத்திலேயே டாக்டர்தான் கொலைகாரன் என்று சொல்லிவிட்டேன். எப்படிம்மா என்றாள். அவன் வரும்போதெல்லாம் பின்பக்கத்திலிருந்து விளக்கு போடுகிறார்கள், வேறு எப்படி என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு உட்கார்ந்து துப்பறியும் கதை பார்ப்பதில்லை.

இவ்வளவு கெட்டிக்காரியான எனக்கு, என் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்த கதை தெரியவில்லை. அதுதான் வெட்கம்.

ப, ட, ம, ர, ந

படம் நின்ற இடத்திலேயே நின்றது. நான் இவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

ஒரு வருஷமாக இவர் ராத்திரி டிரிப் எடுப்பதில்லை. இடுப்பு வலி என்று சொல்லி வேறு டிரைவரோடு மாற்றிக்கொண்டிருந்தார். உடையார்பாளையத்தில் என் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது, சாயங்காலம் ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும் என்று அடம்பிடித்தார். எதிரே வண்டி வந்தால் விளக்கைச் சுற்றி பூ மாதிரி தெரிகிறது என்று ஒருமுறை சொன்னார். நான் கண்ணாடியைத் துடையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. சில நாட்களாகக் காலையில் சவரம் செய்யும்போது வாய்க்குள் என்னவோ முணுமுணுப்பார். ப, ட, ம, ர, ந. ஏதோ மந்திரம் என்று நினைத்தேன்.

மந்திரம் இல்லை. பஸ் முதலாளி வருஷம் ஒருமுறை ஷெட்டுக்கே ஆளை வரவழைத்து டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை வைப்பார். வருஷா வருஷம் அதே அட்டையைத்தான் சுவரில் மாட்டுவார்கள். அதன் கடைசி வரிகளை டிரைவர்கள் எப்போதோ மனப்பாடம் செய்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து, ஒரு ராகம் கூடப் போட்டு வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்கிறவனுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு முதலில் கற்றுத்தருவது அதைத்தானாம். இவரே சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னார்.

கண்ணில் புரை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அவர் அப்பாவுக்கு அந்தக் காலத்தில் கண்ணில் செய்த அறுவை சரியாக அமையவில்லை. கடைசி ஏழெட்டு வருஷம் அவரைக் கையைப் பிடித்து வாய்க்காலுக்கு அழைத்துப் போனது இவர்தான். கத்தி என்றாலே இவருக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருமாம்.

"பகல்ல எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். "கண்ணக் கட்டிவிட்டாலும் திருமானூர் வரைக்கும் ஓட்டிருவேன். சந்தேகமா இருந்தா நாளைக்கு வந்து ஒக்காந்து பாரு."

படத்தில் அங்கே யார்தான் நிற்கிறார்கள் என்றும் கேட்டார். கண் சரியான பிறகு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி டிவியை அணைத்தேன்.

இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்து சீட்டு

திங்கட்கிழமை நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டருக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏறி முன்னால் உட்கார்ந்தேன். கண்டக்டர் செல்வராசு என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. "என்னக்கா, அரியலூருக்கா?" என்றான். திருமானூர் வரைக்கும் என்றேன்.

சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் ஓட்டினார். எங்கே பள்ளம், எங்கே வேகத்தடை, எந்தக் கிராமத்துச் சந்தில் ஆடு குறுக்கே வரும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது. எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்தது. நான்தான் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிதுபடுத்துகிறேனோ என்று நினைத்தேன்.

அப்புறம்தான் செல்வராசுவைக் கவனித்தேன். மரங்கள் அடர்ந்த இடம் வந்தால் அவன் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டு முன் படிக்கு வந்து நின்றுகொள்கிறான். ஊர்க்கதை பேசுகிற மாதிரி, "அண்ணே, இடது பக்கம் டிராக்டர் ஒண்ணு நிக்குது போல" என்கிறான். மரம் முடிந்ததும் பின்னால் போய்விடுகிறான். ஒரு வருஷமாக அந்த பஸ் நாலு கண்ணில் ஓடியிருக்கிறது. அதில் இரண்டுதான் முழுக்கண்.

பேரளி தாண்டி, வெயிலிலிருந்து புளியமர நிழலுக்குள் பஸ் நுழைந்தது. அந்த நேரத்தில் பின் சீட்டில் ஒரு அம்மாள் சாக்கு மூட்டைக்கு எதற்கு லக்கேஜ் டிக்கெட் என்று செல்வராசுவைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவன் முன்னால் வரவில்லை.

நிழலில் ஒரு சிமெண்டு லாரி நின்றிருந்தது. மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயும் புழுதி, லாரியும் புழுதி, நிழலும் அதே நிறம். எனக்குத் தெரிந்தது. இவருக்குத் தெரியவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்திருந்த கையில் ஒரு அசைவும் இல்லை.

"லாரிங்க" என்றேன். கத்தினேன் என்று செல்வராசு இன்றைக்கும் சொல்கிறான்.

பிரேக் போட்ட வேகத்தில் எல்லோரும் முன்னால் சாய்ந்து நிமிர்ந்தார்கள். ஒரு டிபன் கேரியர் உருண்டு என் காலடிக்கு வந்து நின்றது. மூடி திறந்து புளிச்சோற்று வாசனை பஸ் முழுக்கப் பரவியது. லாரியின் பின்கதவுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் மடியில் இருந்த கைக்குழந்தை முழித்துக்கொண்டு அழக்கூட இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நான் அந்தக் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரியலூர் வரைக்கும் பஸ் மாட்டு வண்டி வேகத்தில் போனது. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லி வேறு டிரைவரிடம் வண்டியை ஒப்படைத்தார். இருவரும் பயணிகளாக வேறொரு பஸ்ஸில் திரும்பி வந்தோம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கை இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். நாளைக்குக் காலையில முதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க, நீங்க சொல்லலன்னா நான் போய் சொல்வேன் என்றேன்.

ஒரு சொம்புத் தண்ணீரை முழுதும் குடித்தார். அப்புறம், "அந்தப் படத்துல வர்ற பொம்பள மாரியே பண்ற" என்றார். "ஸ்டீரிங்க எறக்கி வச்சுட்டா நான் யாருன்னு சொல்லு."

 தோசை வார்க்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை

அந்தப் படங்களில் வருகிற பெண்களைப் பற்றி ஊரெல்லாம் ஒரே பேச்சுதான். மோசக்காரிகள், ஆளைக் கவிழ்க்கிறவர்கள். எனக்கு அவர்களைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேசட் கடையில் உட்கார்ந்திருந்த வயதில் எனக்கு அது பெரிய அதிசயம். ஆனால் நானே அப்படி ஒருத்தியாக ஆக வேண்டிவரும் என்று நினைக்கவில்லை. உண்மையில் ஆகிப் பார்த்தால் அதில் ஒரு ஸ்டைலும் இல்லை. 

காலையில் அவர் குளித்து, காக்கிச் சட்டை போடாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி எனக்கான கட்டைப்பையை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னாலேயே இறங்கினேன்.

வேலைக்குப் போகவில்லை. பஸ் ஷெட்டுக்குப் போனேன். உள்ளே போய் வலது பக்கம் பழைய டயர்களை அடுக்கி வைக்கிற கொட்டகை இருக்கிறது. அதன் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் சொல்லாமல் திரும்பிவிட்டால் நான் முதலாளி அறைக்குள் நுழைய வேண்டும். அவர் சொல்லிவிட்டால் நான் அங்கே இருந்தது அவருக்குத் தெரியவே வேண்டாம். அப்படித்தான் திட்டம் போட்டிருந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. சொல்லிவிட்டு வெளியே வருகிற மனிதனை யாராவது ஒருவர் தூரத்திலிருந்தாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ரப்பர் நாற்றம் குடலைப் பிடுங்கியது. இவர் வந்தார். முதலாளி அறை வாசலில் செருப்பைக் கழற்றினார், மறுபடி மாட்டிக்கொண்டார். திரும்பி ஷெட்டை ஒரு சுற்று பார்த்தார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

முதலாளி குரல் உயர்ந்தது கேட்டது. பிறகு தணிந்தது. ரொம்ப நேரம் கழித்து இவர் வெளியே வந்தபோது முதலாளியும் கூடவே வாசல் வரை வந்து, தோளில் கை வைத்து ஏதோ சொன்னார். நான் பின்பக்கமாக வெளியேறி ஆட்டோ பிடித்து வேலைக்குப் போனேன். அன்றைக்கு எடுத்த முதல் எக்ஸ்ரேயில் நோயாளியை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனேன்.

சாயங்காலம் இவர் சொன்ன செய்தி இதுதான். கண்ணைச் சரிசெய்துகொண்டு டாக்டர் கடிதத்தோடு வந்தால் வண்டி இருக்கும், அதுவரைக்கும் ஷெட்டில் டைம் கீப்பராக உட்காரலாம். அட்டை மனப்பாடக் கதையையும் இவர் சொல்லிவிட்டார். முதலாளி மறுநாளே புது அட்டை வரவழைத்தார். அதில் இன்னும் இரண்டு டிரைவர்கள் மாட்டினார்கள். இவரைச் சொல்லவைத்தது நான்தான் என்று ஷெட்டில் சிலர் இன்றைக்கும் என்னை ஜாடையாகத் திட்டுகிறார்கள் என்று கேள்வி. திட்டிவிட்டுப் போகட்டும், நன்றாகப் பார்த்துக்கொண்டு திட்டுகிறார்கள்.

திருச்சியில் இரண்டு கண்ணுக்கும் ஒரு மாத இடைவெளியில் ஆபரேஷன் நடந்தது. உள்ளே போகும் வரை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்துவிட்டது. வெளியே வந்து, இவ்வளவுதானா, கொசு கடிச்ச மாரிகூட இல்ல என்றார். அந்த நெளிந்த வளையலை நான் இன்னும் நிமிர்த்தவில்லை.

கொஞ்சம் பின்னாடி போடு

இப்போது அவர் பழையபடி திருமானூர் டிரிப் எடுக்கிறார். டாக்டர் கடிதம் பிரேம் போட்டு மாட்டாத குறைதான். செல்வராசு மரத்தடியில் முன்னால் வருவதில்லை. பின்னால் நிம்மதியாக லக்கேஜ் சண்டை போடுகிறான்.

வண்டி திரும்பக் கிடைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, மறுபடி ஜன்னலில் போர்வையைக் கட்டினேன். இவர் முறுக்குத் தட்டோடு வந்து உட்கார்ந்தார். மாடிப்படிப் படத்தைப் போட்டேன்.

முன்னெல்லாம் பாதியில் தூங்கிவிட்டு, கடைசிக் காட்சிக்குத்தான் முழிப்பார். அன்றைக்குக் கண் கொட்டவில்லை. சுவரில் காகிதம் உரிந்திருக்கிறது, அவன் சட்டைக் காலர் கிழிந்திருக்கிறது என்று குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கே தெரியாத ஒரு பூனையை ஜன்னல் விளிம்பில் கண்டுபிடித்தார். இத்தனை வருஷமாக நான் பார்க்காத பூனை.

கடைசிக் காட்சி வந்தது. அவன் துப்பாக்கியோடு இறங்குகிறான். பாதிப் படியில் நிற்கிறான். நான் திரையைப் பார்க்கவில்லை. இவரைப் பார்த்தேன்.

முறுக்கை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது.

"இவ போவவே இல்லியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"முதல்லேருந்தே இங்கதான் நிக்கிறாளா? நான் பாக்கறப்பயெல்லாம் இங்கதான் நின்னாளா?"

ஆமாம் என்றேன். அவன் துப்பாக்கியை வைத்துவிட்டு இறங்கினான். இவர் முறுக்கைத் தட்டில் வைத்தார். மாடியில் கறுப்புத் துணி படபடத்தது.

"அன்னிக்கு ஷெட்டுல" என்றார், திரையைப் பார்த்துக்கொண்டே. "டயர் கொட்டாய்க்குப் பின்னாடி நின்னது நீதானே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். அன்றைக்கு அவர் கண்ணுக்கு லாரியே தெரியவில்லை. சுவருக்குப் பின்னால் நின்ற நான் எப்படித் தெரிந்தேன்?

"ஆளு தெரியல. காலை வெயிலு ஒனக்குப் பின்னாடிலேருந்து அடிச்சுது. நெழலு சுவத்தத் தாண்டி தரையில நீட்டமா விழுந்துருந்துது. கையில கட்டப்பை" என்றார். "அதப் பாத்துட்டுத்தான் செருப்பக் கழட்டுனேன்."

இருட்டுப் படங்களைக் கரைத்துக் குடித்தவள் நான். ஒளிந்து நிற்கிறவர்களை அவர்கள் நிழல்தான் காட்டிக்கொடுக்கும் என்பது அந்தப் படங்களின் முதல் பாடம். அதை மறந்துவிட்டுப் போய் நின்றிருக்கிறேன். அப்படி மறந்ததில் எனக்கு இருக்கிற சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

படம் முடிந்து எழுத்து ஓடியது. ரிமோட்டை எடுத்தேன். இவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அணைக்காத. கொஞ்சம் பின்னாடி போடு. அவ வந்து நிக்கிற எடத்துலேருந்து பாக்கணும்."